புதிய அடுப்பா, பழைய அடுப்பா?

ஆண்டுதோறும் ஆடி பிறந்தால் நம் சங்கத்தில் ஒரு கேள்வியும் கூடவே பிறந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து தில்லிக்கு வந்து சேரும் தம்பி தங்கையர், விடுதியில் இடம் கிடைக்காமல், முனிர்க்காவிலோ கமலா நகரிலோ முகர்ஜி நகரிலோ ஓர் அறையைப் பிடிக்கிறார்கள். அறை கிடைத்த மறுநாளே, "அண்ணா, கேஸ் அடுப்பு புதிதாக வாங்கலாமா, பழையதே போதுமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் ஒருவர், விடை சொல்வோர் பத்துப் பேர், பத்துப் பேரும் பத்து விதம். கேட்டவர் குழம்பிப்போய், கடைசியில் கடைக்காரர் கை காட்டியதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்.

இலக்கியமும் அரசியலும் பேச வேண்டிய ஏட்டில் அடுப்புக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிப்பவர்கள் வீட்டிலிருந்து பணம் தடையின்றி வருபவர்களாக இருக்க வேண்டும். வீட்டார் நிலத்தை அடகு வைத்து அனுப்பிய பணத்தில் படிக்கிறவனுக்கும், உதவித்தொகை வரும்வரை நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவளுக்கும் அடுப்பு சிறிய செய்தி அன்று. மூன்று வேளையும் வெளியில் உண்டு கட்டுப்படியாகாது. கட்டுப்படியானாலும் வயிறு இடங்கொடுக்காது. ஒரு தட்டுச் சோறும் ஒரு கரண்டி ரசமும் தம் கையாலேயே ஆக்கிக்கொள்ள முடிந்தவர்தாம் இந்த ஊரில் இரண்டாம் ஆண்டைக் காண்கிறார்கள் என்று நான் சொன்னால், அதில் மிகை சிறிதே இருக்கும். ஆகவே அடுப்பைப் பற்றி எழுதுகிறேன். இந்த நகரில் நான்கு ஆண்டுகளாகச் சொந்தச் சமையல் செய்து பிழைத்திருப்பவன் என்ற தகுதி ஒன்றே இதற்கு எனக்குப் போதும்.

நம்மிடையே இரண்டு கட்சிகள் உள்ளன. ஒன்று புதுக்கட்சி. "நெருப்போடு விளையாடக் கூடாது, பழைய அடுப்பை யார் எப்படிப் பயன்படுத்தினார்களோ, என்ன உடைந்து என்ன ஒட்டியிருக்கிறதோ, நமக்குத் தெரியாது. புதியது வாங்கினால் உத்தரவாதச் சீட்டு உண்டு, எரிவாயுவும் மிச்சம்" என்பது அக்கட்சியின் வாதம். மற்றொன்று பழங்கட்சி. "அந்தக் காலத்து அடுப்பு இரும்பு போல் இருக்கும். இப்போது வருவதெல்லாம் தகடு. இரண்டு ஆண்டு இருந்துவிட்டுப் போகப் போகிறவனுக்குப் புதிது எதற்கு? பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும்போது முழு விலை கொடுப்பவன் முட்டாள்" என்பது இவர்கள் வாதம். இரண்டு வாதங்களிலும் உண்மை உண்டு. ஆனால் இரு கட்சியினரும் அடுப்பை ஒரே பொருளாக எண்ணிப் பேசுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அடுப்பு ஒரே பொருள் அன்று. உடல், பர்னர், வாயுவை விடும் துளையும் திருகும், ரப்பர் குழாய் என்று நான்கு பொருள்களின் கூட்டம் அது. இவற்றுள் சில பழையதாவதால் கெடுவதில்லை. சில மெல்லக் கெடுகின்றன, செப்பனிட்டால் மீள்கின்றன. ஒன்று மட்டும் நாள் பார்த்துச் சாகிறது. எது எந்த வகை என்று அறிந்தவனுக்குப் புதிது பழசு என்ற சண்டையே வேண்டியதில்லை.

முதலில் உடல். துருப்பிடிக்காத எஃகினால் ஆன, கையால் தூக்கினால் கனம் தெரிகிற அடுப்பு இருபது ஆண்டுகள் ஆனாலும் அசையாது. தமிழக அரசு 2006-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாக எரிவாயு அடுப்பு வழங்கியதே, அவ்வாறு வந்த அடுப்புகளில் சில இன்னும் நம் ஊர் வீடுகளில் பால் காய்ச்சிக்கொண்டிருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். உடல் விஷயத்தில் பழங்கட்சி சொல்வது சரி. சதர் பஜாரில் மிக மலிவாகத் தொங்கும் புதிய அடுப்புகளில் சிலவற்றை விரலால் அழுத்தினாலே தகடு குழிகிறது. குக்கரை வைத்தால் கால் ஒருபுறம் தாழ்கிறது. மேலே கண்ணாடி பதித்த அடுப்புகள் பார்வைக்கு அழகுதான். துடைக்கவும் எளிது. ஆனால் பழைய கண்ணாடி அடுப்பு வாங்குவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பதப்படுத்திய கண்ணாடி விளிம்பில் அடிபட்டிருந்தால், அது இன்றைக்கு நன்றாயிருந்து நாளைக்குச் சூட்டில் நொறுங்கக்கூடும்; அந்த அடியைக் கண்ணால் காண்பதும் எளிதன்று. எனவே பழையதாக வாங்குவதென்றால் எஃகு உடலையே வாங்குங்கள். கண்ணாடிதான் வேண்டுமென்றால் புதிதாக வாங்குங்கள்.

அடுத்தது பர்னர். பித்தளைப் பர்னர் கனமானது; பலகாலம் உழைப்பது. துளைகளில் பால் பொங்கி வழிந்து அடைத்துக்கொண்டாலும், வெந்நீரில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். மூடி வளைந்தோ, துளைகள் தேய்ந்து ஒன்றோடொன்று கலந்தோ போயிருந்தால் அதை மட்டும் புதிதாக வாங்கி மாட்டலாம். கமலா நகர்ப் பாத்திரக் கடைத்தெருவில் அடுப்பு பழுது பார்ப்பவரைத் தேடினால், அளவு பார்த்து எடுத்துக் கொடுப்பார். ஆக, பர்னர் செப்பனிடக்கூடிய பொருள்.

மூன்றாவது, கண்ணில் படாதது, ஆனால் உயிரானது. திருகைத் திருப்பினால் வாயு ஒரு மிகச் சிறு துளை வழியாகப் பீறிட்டு, போகும் வழியில் காற்றை இழுத்துக்கொண்டு பர்னருக்குச் செல்கிறது. இந்தத் துளை ஊசிமுனையளவு. அதன் அளவு சிறிது மாறினாலும் அடுப்பின் குணமே மாறிவிடும். அடைப்பு நீக்குகிறேன் என்று கம்பியையும் ஊக்கையும் விட்டுக் குடைபவர்கள் துளையைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். திருகின் உள்ளே தடவிய மசகு நாளடைவில் காய்ந்துபோகிறது, திருகு இறுகுகிறது, இறுகியதை வலிந்து திருப்பினால் கசிவு தொடங்குகிறது. இவையும் செப்பனிடக்கூடியவையே. ஆனால் தெரிந்தவர் கையால் செய்ய வேண்டியவை.

தில்லியில் பழைய அடுப்பு வாங்குவோர்க்கு இந்தத் துளை தொடர்பாக ஒரு தனி ஆபத்து உண்டு. நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலோர் அறியாதது அது. 1998-இல் இந்திரபிரஸ்தா எரிவாயு நிறுவனம் அமைந்தபின் இந்நகரின் பல குடியிருப்புகளுக்குக் குழாய் வழியே எரிவாயு வருகிறது. குழாயில் வருவது மீத்தேன் மிகுந்த இயற்கை வாயு. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவ வாயு. கன அளவுக்குக் கன அளவு பார்த்தால், சிலிண்டர் வாயுவுக்கு இயற்கை வாயுவைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம் உண்டு. ஆகவே குழாய் இணைப்புப் பெறும் வீட்டில் அடுப்பின் துளைகளைப் பெரிய துளைகளாக மாற்றித் தருவார்கள். பின்னர் அந்த வீட்டார் அடுப்பைக் கபாடிக்காரரிடம் எடைக்குப் போட்டால், பெரிய துளைகளும் அதனோடு போகின்றன. அதை வாங்கிச் சிலிண்டரில் மாட்டினால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதைச் சென்ற குளிர்காலத்தில் விஜய் நகரில் ஒரு நண்பர் அறையில் கண்டேன். அடுப்பைப் பற்ற வைத்ததும் சுடர் பாத்திரத்தையும் தாண்டி முழ உயரம் எழுந்தது. நீலம் துளியும் இல்லை, முழுதும் மஞ்சள். பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. பக்கத்தில் நின்ற எங்களுக்குக் கண் எரிந்தது. "நன்றாக எரிகிறது பார்" என்றார் நண்பர், பெருமையோடு. அடுப்பை அணைத்துவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனோம். அவர் துளையைக் கழற்றிப் பார்த்து, "இது குழாய் வாயுத் துளை" என்றார். புதுத்துளை மாட்டிய பிறகு அதே அடுப்பு நீலமாக, அடக்கமாக எரிந்தது. விற்ற பழைய சாமான் கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மஞ்சள் சுடரை வேடிக்கையாக எண்ண வேண்டா. வாயு முற்றும் எரியப் போதிய காற்று கிடைக்காதபோதுதான் சுடர் மஞ்சளாகிறது. அரைகுறையாக எரியும் வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தில்லிக் குளிரில் கதவையும் சன்னலையும் இறுக மூடிக்கொண்டு, உள்ளே அங்கீட்டி வைத்து உறங்கி, விடியலைக் காணாமலே போனவர்களைப் பற்றி ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாளேடுகளில் படிக்கிறோம். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் அமைந்த நம் போன்றோர்க்கு, அடுப்பின் சுடர் நீலமா மஞ்சளா என்பது பண்டத்தின் தரத்தைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. உயிரைப் பற்றிய கேள்வி.

நான்காவது ரப்பர் குழாய். நாள் பார்த்துச் சாகும் பொருள் என்று நான் சொன்னது இதைத்தான். இந்தியத் தர அமைவனம் இதற்கு ஐ.எஸ். 9573 என்ற தரத்தை வகுத்துள்ளது. எண்ணெய் நிறுவனங்களின் முகவர்கள் சுரக்ஷா என்ற பெயரில் ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பி வலை வைத்து விற்கும் குழாய்க்கு ஐந்து ஆண்டு ஆயுள். அது முடியும் காலம் குழாயின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். ஐந்து ஆண்டு முடிந்தால், பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றியே தீரவேண்டும். பழைய அடுப்போடு குழாயையும் சேர்த்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், நன்றி கூறிக் குழாயை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். யானை வாங்கப் பணமிருந்தும் அங்குசம் வாங்கக் காசில்லை என்ற கதையாக, ஆயிரம் ரூபாய்க்கு அடுப்பு வாங்கிவிட்டு, குழாய்க்குச் செலவிட மனமின்றி, பச்சை நிறத்துச் சாதாரணக் குழாயை மாட்டிக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மிச்சப்படுத்தியது நூறோ நூற்றைம்பதோ ரூபாய். பணயம் வைத்தது தம் உயிரையும் அடுத்த அறைக்காரர் உயிரையும்.

இனி, புதுக்கட்சியின் வலிமையான வாதத்துக்கு வருவோம். புதிய அடுப்பு எரிவாயுவை மிச்சப்படுத்தும் என்கிறார்கள். அது உண்மையா? உண்மையானால் எவ்வளவு? கணக்குப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

வீட்டு அடுப்புக்கு உரிய தரம் ஐ.எஸ். 4246. அத்தரப்படி, எரியும் வாயுவின் வெப்பத்தில் குறைந்தது 68 சதவீதமாவது பாத்திரத்தைச் சேர வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட அடுப்புகளில் நட்சத்திரம் கூடக் கூட இந்த அளவும் கூடும். பழைய அடுப்பு ஒன்று, நன்றாகத் துடைத்துச் செப்பனிட்ட பின்பும் 64 சதவீதமே தருகிறது என்று கணக்குக்காகக் கொள்வோம். மூன்று பேர் ஒன்றாகத் தங்கி இரு வேளையும் சமைத்து, பழைய அடுப்பில் ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் எரிக்கிறார்கள் என்றும், 14.2 கிலோ சிலிண்டரின் விலை 900 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். புதிய அடுப்பில் அதே சமையலுக்கு ஏழரை சிலிண்டர் போதும். ஏறக்குறைய அரை சிலிண்டர், அதாவது சுமார் 420 ரூபாய், ஆண்டுக்கு மிச்சம். தனியாக இருந்து ஆண்டுக்கு மூன்று சிலிண்டர் அளவே எரிப்பவருக்கு இந்த மிச்சம் சுமார் 160 ரூபாய்.

இதை வாங்கும் விலையோடு ஒட்டிப் பாருங்கள். நல்ல புதிய இரட்டை அடுப்பு 2,500 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து விற்றால் 1,000 ரூபாய் தேறும். எனவே உண்மையான செலவு 1,500. நல்ல பழைய அடுப்பு 900 ரூபாய், புதுக்குழாய்க்கு 200, துளை, திருகு, பர்னர் செப்பனிட 300, ஆக 1,400. இரண்டு ஆண்டு கழித்து 600-க்குப் போகும். உண்மையான செலவு 800. புதிய அடுப்புக்கும் ஒரு குழாய் வேண்டுமே என்று கேட்பீர்கள். வேண்டும்தான், அதையும் சேர்த்தால் அதன் செலவு 1,700. வேறுபாடு, இரண்டு ஆண்டுக்கு 900 ரூபாய். ஓர் ஆண்டுக்கு 450.

இப்போது இரண்டையும் தராசில் வையுங்கள். தனியாகச் சமைப்பவர் பழைய அடுப்பால் ஆண்டுக்கு 450 ரூபாய் மிச்சம் பிடித்து, வாயுவில் 160 ரூபாய் இழக்கிறார். அவருக்குப் பழையதே இலாபம், ஐயமில்லை. அவர் ஐந்து கிலோ சிலிண்டர் வாங்குபவராயின் கிலோவுக்கு விலை கூடுதலாக இருக்கும். அந்த 160 இரட்டிப்பானாலும் முடிவு மாறாது. மூவர் சேர்ந்து சமைப்பவர்களோ 450 மிச்சம் பிடித்து 420 இழக்கிறார்கள். ஏறத்தாழச் சரிக்குச் சரி. நால்வர் ஐவர் என்றால், அல்லது மூன்று நான்கு ஆண்டு தங்குவதென்றால், தராசு புதிய அடுப்பின் பக்கம் சாயும். ஆக, வாயுச் சிக்கனம் பற்றிப் புதுக்கட்சி சொல்வது பொய்யன்று. ஆனால் அது நிறைய எரிப்பவனுக்கு மட்டுமே பொருந்தும் மெய். என்னுடைய விலைகளை நீங்கள் வேதமாகக் கொள்ள வேண்டியதில்லை. நீங்கள் வாங்கும் நாளின் விலையை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். கால் மணி நேரம் ஆகாது.

இதில் மற்றொன்றும் உண்டு. நான்கு சதவீதத்துக்காகப் புது அடுப்பு வாங்கியவர், அதன்மேல் மூடியில்லாத பாத்திரத்தில் பருப்பை வேகவிட்டு, அரட்டையில் மூழ்கிவிட்டால், அந்த நான்கும் போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. குக்கரில் வைப்பதும், மூடிபோட்டு வேகவைப்பதும், கொதி வந்தபின் சுடரைத் தணிப்பதும், சுடரைப் பாத்திரத்தின் அடியோடு நிறுத்துவதும் எந்த அடுப்புக்கும் பொருந்தும் சிக்கனங்கள்.

இனி, பழைய அடுப்பு வாங்கச் செல்லும் தம்பி தங்கையர்க்குச் சில சொற்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அடுப்பு தானமாகவே வந்தாலும் பல்லைப் பிடித்துப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். முன்பு சிலிண்டரில் எரிந்ததா, குழாய் வாயுவில் எரிந்ததா என்று கேளுங்கள். விற்பவர் விடையை மட்டும் நம்பாமல் பழுது பார்ப்பவரிடம் துளையைக் காட்டுங்கள். திருகுகள் இலகுவாகத் திரும்பி, அணைக்கும் இடத்தில் உறுதியாக நிற்கின்றனவா என்று பாருங்கள். அறைக்குக் கொண்டு வந்து மாட்டியபின், சோப்பு நுரையைக் குழாயின் இரு முனைகளிலும் திருகின் அடியிலும் தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. தீக்குச்சி கிழித்துக் கசிவு தேடும் வீரர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீரத்தை வேறு துறைகளில் காட்டட்டும்.

சிலிண்டரை நிமிர்த்தி வையுங்கள். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கட்டும். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தங்கும். எனவே தரையோடு ஒட்டிய காற்றோட்டம் வேண்டும். அதற்கு இயல்பாக மணம் கிடையாது. நாம் உணர்வதற்கென்றே மெர்காப்டான் என்ற பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் விளக்கைப் போடவும் வேண்டா, அணைக்கவும் வேண்டா. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

"சிலிண்டரோடு சேர்த்துத் தருகிறேன், மொத்தமாக இவ்வளவு" என்று பேரம் பேசுவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வைப்புத்தொகை கட்டிப் பெறும் 14.2 கிலோ சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் உடைமை; இணைப்புப் பெற்றவருடைய சொத்து அன்று. அவற்றை அவர் விற்கவும் முடியாது, நீங்கள் வாங்கவும் முடியாது. கடைத்தெருவில் சிறு உருளைகளில் பெரிய சிலிண்டரிலிருந்து வாயுவை இறக்கி நிரப்பித் தருகிறார்களே, அதன் பக்கமே போகாதீர்கள். சட்டத்துக்கும் புறம்பு, உயிருக்கும் உலை. முகவரிச் சான்று இல்லாததால்தான் அங்கே போகிறோம் என்று பலர் சொல்கிறார்கள். எண்ணெய் நிறுவனங்களே 2013 முதல் ஐந்து கிலோ சிலிண்டரை, முகவரிச் சான்று கேளாமல், அடையாளச் சான்று ஒன்றைக் கொண்டு, பெட்ரோல் நிலையங்களிலும் விற்று வருகின்றன. வேலை தேடி வருவோரையும் மாணவரையும் எண்ணியே வந்த ஏற்பாடு அது. இருப்பதை அறியாமல் இல்லாததைத் தேடி ஆபத்தை வாங்குவானேன்? புதிதாக இணைப்புப் பெறுவோர்க்கும் ஒரு சொல்: முகவரிடமே அடுப்பையும் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. முத்திரையுள்ள அடுப்பை எங்கு வேண்டுமானாலும் வாங்கலாம்.

எப்போது புதியதுதான் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நால்வருக்கு மேல் சேர்ந்து சமைப்பதானால் புதியது. பழைய அடுப்பின் மாற்றுப் பாகம் கிடைக்காதென்று பழுது பார்ப்பவர் கைவிரித்தால் புதியது. கண்ணாடி மேல்தளம் வேண்டுமென்றால் புதியது. நல்ல பழையதைத் தேடித் திரிய நேரமில்லாதவர்க்கும் புதியது, நேரமும் பணம்தானே? ஆனால் அப்போதும் மிக மலிவான புதியதை வாங்காதீர்கள். மெலிந்த தகடும் பெயரறியாத முத்திரையும் கொண்ட புதிய அடுப்பைவிட, கனத்த எஃகும் பித்தளைப் பர்னரும் கொண்ட பழைய அடுப்பு எத்தனையோ மேல். புதியது, பழையது என்ற இரண்டு வகைக்கு முன்னால், நல்லது, கெட்டது என்ற இரண்டு வகை இருப்பதை மறந்துவிடலாகாது.

பழையது வாங்குவது மதிப்புக் குறைவு என்ற எண்ணம் நம்மில் சிலருக்கு உண்டு. அறையைப் பார்க்க வருவோர் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படுகிறார்கள். நாம் படிக்கும் புத்தகங்களில் பாதி, தரியாகஞ்சு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் யாரோ படித்து விட்டவை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பெருமையோடு நடக்கிறோம். யாரோ படித்த புத்தகம் அறிவுக்கு இழுக்கில்லை என்றால், யாரோ சமைத்த அடுப்பு சோற்றுக்கு இழுக்காகுமா? அப்பா அம்மா வியர்வையை ரூபாயாக மாற்றி அனுப்புகிறார்கள். அதில் ஐந்நூறு மிச்சம் பிடிப்பது கஞ்சத்தனம் அன்று, கடமை.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுத்து முடிக்க விரும்புகிறேன். ஒவ்வொரு சித்திரை வைகாசியிலும் படிப்பு முடித்து ஊர் திரும்பும் மாணவர்கள் தம் அடுப்பைக் கபாடிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு இரயிலேறுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து வரும் புதியவர்கள் அதே அடுப்பை அதே தெருவில் மூன்று மடங்கு விலை கொடுத்து, அதன் வரலாறு தெரியாமல் வாங்குகிறார்கள். இந்த இரண்டு மாத இடைவெளியை ஒரு சங்கத்தால் நிரப்ப முடியாதா? பொங்கல் விழாவுக்கும் ஆண்டு மலருக்கும் நிதி திரட்டும் நாம், ஓர் அலமாரியும் ஒரு கணக்கேடும் வைத்துக்கொள்ள முடியாதா? போகிறவரிடமிருந்து நியாய விலைக்கு அடுப்பை வாங்கி, என்றைக்கு வாங்கியது, எந்த வாயுவில் எரிந்தது, எப்போது பழுது பார்த்தது என்பதை ஏட்டில் எழுதி, துளையும் திருகும் சோதித்து, புதுக்குழாயோடு மட்டுமே புதியவர் கையில் கொடுப்போம். வாங்குபவர் போகும்போது மீண்டும் சங்கத்துக்கே தரட்டும். பழைய பொருளில் உள்ள ஒரே பெரிய குறை, அதன் கதை நமக்குத் தெரியாது என்பதுதான். அந்தக் குறையைக் கணக்கேட்டின் ஒரு பக்கம் தீர்த்துவிடும்.

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. பத்து அடுப்புகளோடு தொடங்கலாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். எதிர்ப்பவர்கள் காரணத்தோடு எதிர்க்கட்டும், கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஆதரிப்பவர்கள் கை தூக்குவதோடு நிற்காமல், வரும் சித்திரையில் தம் அடுப்பைத் துடைத்து, சங்கத்தின் வாசலில் கொண்டுவந்து வைக்கட்டும்.